திருடுபோன மணி: ஒரு குவெஸ்ட்டை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தால்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டத்தில் (ரோல்பிளேயிங் கேம்) குழுவுக்குக் கொடுக்கும் சாகச வேலைதான் குவெஸ்ட். அதற்கான யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பகடையை உருட்டினாலே யோசனை கொட்டும் அட்டவணைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த ஒற்றை வரி, மேசையில் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் பிரச்சினை. அதைப் பார்ப்பதற்காகவே, பழகிப் புளித்த ஒரு யோசனை இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது: மலையூர் ஒன்றின் மணிக்கூண்டிலிருந்த வெண்கல மணியைக் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் திருடிப்போய்விட்டன; அந்த மணியோசை இல்லாவிட்டால் இரவில் பிணந்தின்னிகள் ஊருக்குள் வரும்; மூன்று நாளுக்குள் மீட்டு வர வேண்டும்.

களம்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். மூன்றாம் லெவலில் நான்கு கேரக்டர்கள். நான்கு மணி நேரச் செஷன் ஒன்று. 2024 பதிப்பில் எதிரிகளின் எண்ணிக்கைக்கேற்பப் பெருக்கும் முறை கைவிடப்பட்டதால், கீழே வரும் எக்ஸ்பி (எதிரிகளைத் தோற்கடித்தால் கிடைக்கும் அனுபவப் புள்ளி; சண்டை எவ்வளவு கடினம் என்று அளக்கவும் உதவும்) கணக்குகள் அதற்குப் பொருந்தாது. மற்றவை எல்லாம் எந்தப் பதிப்புக்கும், வேறு எந்த ஃபேன்டஸி ஆட்டத்துக்கும் பொருந்தும்.

முதல் வடிவம்

பெரும்பாலான டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும். ஊர்த்தலைவி கூப்பிட்டு வேலையைச் சொல்கிறார், மொத்தமாக 100 பொற்காசு தருவதாகப் பேச்சு. தடம் பார்த்துப் போக சர்வைவல் (காட்டில் பிழைக்கும் திறன்) சோதனை, டிசி 15 (இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணோடு திறன் எண்ணைக் கூட்டினால் குறைந்தது 15 வர வேண்டும்). வழியில் ஓநாய்கள். குகை வாசலில் காவல் கோப்ளின்கள். உள்ளே பொறிக்கதவு, அதைத் தாண்டி இன்னொரு கூட்டம், கடைசியில் தலைவன். மணியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பிணந்தின்னிகள். ஆக ஐந்து சண்டைகள், ஒரே பாதை.

காகிதத்தில் பார்த்தால் குறை தெரியாது. மேசையில் நான்கு இடங்களில் இடிக்கும்.

முதல் இடி அந்தத் தடம் பார்க்கும் சோதனை. சர்வைவல் +4 உள்ள ரேஞ்சர் (காட்டுவழி தெரிந்த வீரர்) டிசி 15-ஐத் தாண்ட 11 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், அதாவது சரிபாதி வாய்ப்பு. உருட்டல் தவறினால் குவெஸ்ட் அங்கேயே நின்றுபோகும். டிஎம் மனமிரங்கி, "சரி, இன்னொருத்தர் உருட்டுங்க" என்பார். நான்கு பேரும் உருட்டினால் யாராவது ஒருவர் ஜெயித்துவிடுவார். அப்படியென்றால் அந்தச் சோதனை எதற்கு? இதுபோல் டிசி 15 சோதனைகள் மூன்று சங்கிலியாக வந்து, ஒன்றைத் தவறவிட்டாலும் கதை நிற்கும் என்றால், நேர்மையாக உருட்டி முடிவுவரை போகும் வாய்ப்பு 12.5 சதவீதம்தான்.

இரண்டாவது நேரம். இந்த லெவலில் நான்கு பேர் ஆடும் உருப்படியான சண்டை ஒன்று முக்கால் மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும். ஐந்து சண்டை என்றால் 225 நிமிடம். மீதமிருக்கும் கால் மணி நேரத்தில் ஊரார் பேச வேண்டும், வழி தேட வேண்டும், தேநீரும் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் என்ற 2014 விதிப்புத்தகக் கணக்கைப் பார்த்து இப்படி எழுதிவிடுகிறார்கள். அது கேரக்டர்களின் ஒரு நாளுக்கான கணக்கு. ஆட்டக்காரர்களின் ஒரு செஷனுக்கு அதைப் போட்டால் தாங்காது.

மூன்றாவது, பலரும் கவனிக்காத இடம்: மணியின் எடை. முதல் வடிவத்தில் அது எழுதப்படவே இல்லை. வாய் இரண்டடி அகலமுள்ள வெண்கல மணி ஏறக்குறைய 300 பவுண்டு இருக்கும். மணிக்கான வெண்கலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செம்பு, மீதி வெள்ளீயம். விதிப்புத்தகத்தின் வணிகப் பொருள் பட்டியலில் செம்பு ஒரு பவுண்டு 5 வெள்ளிக்காசு. வெள்ளீயத்தையும் செம்பு விலைக்கே போட்டாலும் மணியின் உலோக மதிப்பு 1,500 வெள்ளி, அதாவது 150 பொற்காசு. ஊர் தருவதோ 100. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆட்டக்காரர் ஒவ்வொரு மேசையிலும் ஒருவராவது இருப்பார். "உருக்கி வித்துடலாமா?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தது அவர் தவறல்ல, கூலியை நிர்ணயித்தவர் தவறு. ஆளுக்கு 60, மொத்தம் 240 என்று வைத்தால் இந்த ஓட்டை அடைபடும்.

நான்காவதுதான் பெரிய இடி. ஆட்டக்காரர்கள் முடிவெடுக்க இதில் எதுவுமே இல்லை. எந்தக் கோப்ளினை முதலில் அடிப்பது என்பதைத் தவிர, அவர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதை அதே பாதையில்தான் போகும்.

கோப்ளின்களுக்கு மணி எதற்கு?

குவெஸ்ட்டைத் திருத்தும்போது புது அரக்கனையோ புதுப் பொறியையோ சேர்க்கத் தேவையில்லை. அந்தப் பொருள் வேறு யாருக்கு, ஏன் வேண்டும் என்று கேட்டால் போதும். இங்கே பதில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பிணந்தின்னிகளுக்கு ஊராரும் கோப்ளின்களும் ஒன்றுதான். பனிக்காலத்தில் அவை குகைக்குள் புகுந்தன. கோப்ளின்கள் ஊருக்கு வந்து, மதிலுக்குள் இடம் கொடுங்கள் என்று கெஞ்சின. ஊர்த்தலைவி கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் மணி காணாமல் போனது.

இப்போது ஊர்த்தலைவி வேலையைச் சொல்லும் விதமே மாறும்: "மணி போனதுலருந்து பொழுது சாஞ்சா யாரும் வெளிய வர்றதில்லை. மூணு நாளைக்குள்ள கொண்டு வந்துட்டீங்கன்னா ஆளுக்கு அறுபது பொற்காசு. அந்தக் கோப்ளின்களை என்ன பண்றீங்கன்னு நாங்க கேக்கமாட்டோம்." கடைசி வாக்கியத்தை டிஎம் சற்று வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்துகொள்ள வேண்டும். காதுள்ள ஆட்டக்காரருக்கு அது உறுத்தும்.

விசாரணையில் கிடைக்க வேண்டிய உண்மைகள் இரண்டு: மணி எங்கே, ஏன். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடயம் வைக்க வேண்டும். இத்தகைய ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்ஸாண்டர் 2008-ல் எழுதிப் பரவலான மூன்று தடய விதி இது. ஒன்றைக் கவனிக்கமாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதாவது கைகொடுக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. எங்கே என்பதற்கு: மணிக்கூண்டின் பின்புறத்தில் தொடங்கும் சறுக்குவண்டித் தடம், உத்தரத்தில் விட்டுப்போன ஆட்டுமயிர்க் கயிறு, பொழுது சாயும்போது மேற்கு மலையிலிருந்து மணியோசை கேட்டதாகச் சொல்லும் இடையன். ஏன் என்பதற்கு: அதே மணியோசை (விற்கத் திருடியவன் ஏன் தினமும் அந்தி நேரத்தில் அடிக்கிறான்?), வழியில் பாதி தின்னப்பட்டுக் கிடக்கும் கோப்ளின் உடல், கோப்ளின்கள் கெஞ்ச வந்ததை நேரில் பார்த்த, மணியடிக்கும் கிழவர்.

இவற்றைப் பெற உருட்டல் வைக்கலாம், ஆனால் உருட்டல் தவறினால் தகவல் போகக் கூடாது, நேரம் போகட்டும். தடத்தைத் தவறவிட்டவர் சுற்றுவழியில் போய் இரண்டு மணி நேரம் தாமதமாகக் குகையை அடைவார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் தூரமும் பொழுதும் கறாராக இருக்க வேண்டும்.

தூரமும் பொழுதும்

இந்தக் குவெஸ்ட்டின் உயிர் இரண்டே எண்களில் இருக்கிறது. அந்தி நேரத்தில் அடித்தால் விடியும்வரை மணியைச் சுற்றி இரண்டு மைலுக்குள் பிணந்தின்னி கால் வைக்காது. ஊருக்கும் குகைக்கும் இடையே மூன்று மைல்.

ஆறு மைல் என்று எழுதியிருந்தால் மணி இங்கே இருக்கும், இல்லையென்றால் அங்கே; இருவருக்கும் காவல் கிடைக்காது. மூன்று மைலாக்கியதும் நடுவிலுள்ள கணவாயில், இரண்டு பக்கமும் ஒன்றரை மைல் தள்ளி, மணியைத் தொங்கவிட்டால் இருவருக்கும் காவல் கிடைத்துவிடுகிறது. டிஎம் இதை வாயால் சொல்லக் கூடாது. கணவாயில் ஒரு பழைய கல் வளைவை மட்டும் வர்ணித்துவிட்டு, கிழவர் வாயில் "ரெண்டு மைலுக்குக் கேக்கும்" என்ற வார்த்தையை வைத்துவிட்டு, வரைபடத்தை மேசையில் விரித்து வைத்தால் போதும். யாராவது ஒருவர் விரலால் அளந்து பார்ப்பார். இந்தத் தீர்வும் இலவசமல்ல. ஆளில்லாத கணவாயில் தினமும் அந்தி நேரத்தில் போய் மணியடிக்கப்போவது யார்? ஊராரா, கோப்ளின்களா? ஒருவரை ஒருவர் நம்புவார்களா?

நடை வேகம் சாதாரணமாக மணிக்கு மூன்று மைல், கரடுமுரடான நிலத்தில் பாதி. எனவே வெறுங்கையோடு குகைக்குப் போக இரண்டு மணி நேரம். மணியோடு திரும்ப நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தி ஆறு மணிக்கு என்றால் பிற்பகல் இரண்டுக்குள் குகையை விட்டுக் கிளம்ப வேண்டும். குகையில் சண்டை போட்டுக் களைத்து, ஒரு மணி நேரம் ஷார்ட் ரெஸ்ட் எடுக்கலாமா என்ற சாதாரணக் கேள்விக்கு இப்போது பல் முளைத்துவிடுகிறது.

எடையும் தன் வேலையைச் செய்யும். ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 16 உள்ளவர் 240 பவுண்டு சுமக்கலாம். 300 பவுண்டைத் தனியாக இழுத்தால் வேகம் ஒரு சுற்றுக்கு 5 அடி. இரண்டு பேர் பிடித்தால் ஆளுக்கு 150. கோவேறு கழுதை 420 பவுண்டு தாங்கும், விலை 8 பொற்காசு. அதை முன்கூட்டியே வாங்கும் குழுவைப் பாராட்டி நான்கு மணி நேரத்தை மூன்றாகக் குறைக்கலாம். விசார்ட் (மந்திரவாதி) இருந்தால் ஃப்ளோட்டிங் டிஸ்க் (மிதக்கும் தட்டு) மந்திரம் 500 பவுண்டைச் சுமந்துவிடும். பல டிஎம்கள் இங்கே பதறி, "மணியில மந்திரம் ஒட்டாது" என்று ஒரு விதியை முளைக்கவைப்பார்கள். வேண்டாம். அந்தத் தட்டு ஒரு மணி நேரம்தான் நிற்கும், பத்து அடி அல்லது அதற்கு மேலான ஏற்றத்தையோ இறக்கத்தையோ தாண்டாது. கணவாய்க்கு முன்னால் பத்தடிப் பாறைப் படி ஒன்று இருந்தால் போதும்: அங்கே கயிறு கட்டி இறக்க வேண்டிவரும், மற்ற இடமெல்லாம் விசார்ட் பெருமையோடு நடக்கலாம்.

கெடிகாரம்

ஆட்டக்காரர்கள் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதை எழுதி வைக்காத குவெஸ்ட் தூங்கிவிடும். ஒரு அட்டையில் வட்டம் போட்டு ஆறு பங்காகப் பிரித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை நடுவில் வைக்க வேண்டும். மணி ஊருக்கோ கணவாய்க்கோ வந்து சேராத ஒவ்வொரு அந்திக்கும் இரண்டு பங்கு நிரம்பும். மலைவழியில் பெரிய சத்தம் எழுந்தால் (வெளியில் சண்டை, மணி பாறையில் மோதுவது) ஒரு பங்கு. மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிட்டோம் என்று யாராவது சொன்னால் இரண்டாவது ஆபத்து இல்லை.

இரண்டு நிரம்பினால் இடுகாட்டில் குழிகள் தோண்டப்பட்டிருக்கும். நான்கில் ஆட்டுப்பட்டி சூறையாடப்பட்டு அந்த இடையனைக் காணோம். முன்பு தடயம் சொன்ன அதே ஆள் என்பதால் வலிக்கும். ஆறு நிரம்பினால் ஐந்து பிணந்தின்னிகள் ஊர்த் தெருவில் இறங்கும். அட்டையை ஒளித்து வைப்பதில் லாபமில்லை. பார்க்க முடியாத கெடிகாரம் யாரையும் அவசரப்படுத்தாது; கடைசியில் டிஎம் வஞ்சித்துவிட்டார் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

குகையில் என்ன கெடும்

குகையில் ஆறு கோப்ளின்களும் ஒரு தலைவியும். எக்ஸ்பி 300 + 200, ஏழு எதிரிகளுக்கு 2.5 பெருக்கினால் 1,250. நான்கு பேர் குழுவுக்குக் கடினம் தொடங்குவது 900-ல், உயிராபத்து 1,600-ல்; ஆக இது கடினமான சண்டை. ஆனால் இது சண்டையாகத்தான் ஆக வேண்டும் என்றில்லை. தலைவிக்குப் பொதுமொழி தெரியும் என்று வைத்துவிடுங்கள், மொழி தெரியாததால் பேச்சே நடக்காமல் போவது வீண். அவளுடைய வாதம் சுருக்கமாக இருக்கட்டும்: "உங்க ஊர்ல குழந்தைங்க இருக்கு. எங்க குகையிலயும் பதினொண்ணு இருக்கு. போன பனிக்கு முன்னால பதினெட்டு இருந்துச்சு."

இங்கே இரண்டு விதத்தில் கெடும். ஒன்று, குழு பேசாமலேயே எல்லாரையும் வெட்டிவிடும். அதற்குத் தண்டனை தர வேண்டாம், விளைவு போதும்: மணியின் நாக்கைத் தலைவி கழற்றி ஒளித்து வைத்திருக்கிறாள். தேடினால் கிடைக்கும், ஒரு மணி நேரம் போகும். இரண்டாவது இதைவிட அடிக்கடி நடப்பது. நியாயம் எது என்று குழு அரை மணி நேரம் விவாதித்துக்கொண்டே இருக்கும். விவாதம் சூடாக இருக்கும் வரை விடலாம். ஒரே வாதம் இரண்டாம் முறை சுற்றி வந்ததும், "வெளியே நிழல் நீளுது, மணி ஒண்ணே முக்கால்" என்று டிஎம் சொன்னால் போதும்.

கணவாயில் அந்தி

மூன்று பிணந்தின்னிகள், எக்ஸ்பி 600, இரண்டால் பெருக்கி 1,200. எண்ணுக்குக் கடினம் என்றாலும் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கொடூரம், காரணம் நகத்தின் முடக்கம்: கீறல் பட்டவர் அசைய முடியாமல் போகலாம். ஏசி (அடி படாமல் காக்கும் கவச எண்) 16 உள்ளவரை +4 தாக்குதல் 45 சதவீதம் தொடும். கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் உருட்டல்) +2 உள்ளவர் டிசி 10-ல் 35 சதவீதம் தோற்பார். ஆக ஒரு நகத்துக்கு ஏறக்குறைய 16 சதவீதம் முடக்கம். மூன்றும் ஒரே ஆளைக் குறிவைத்தால் அந்தச் சுற்றிலேயே 40 சதவீதம். முடங்கியவர் மீது ஐந்தடிக்குள் படும் அடியெல்லாம் கிரிட்டிகல் (சேதப் பகடை இரட்டிப்பு). அதனால் மூன்றையும் ஒருவர்மேல் ஏவக் கூடாது, ஆளுக்கொன்றாகப் பிரித்து விட வேண்டும். எல்ஃப் இனத்தவரை இந்த முடக்கம் பாதிக்காது. குழுவில் இரண்டு எல்ஃப் இருந்தால் ஒரு பிணந்தின்னியைக் கூட்டலாம்.

கிளெரிக் (பூசாரி) டர்ன் அன்டெட் (பிணப் பேய்களை விரட்டும் சக்தி) செய்து மூன்றையும் ஓடவிட்டால் சண்டை ஒரு சுற்றில் முடிந்துவிடுமே என்ற பயம் வரும். முப்பது அடிக்குள் இருப்பவைக்குத்தான் அது. இரண்டு முன்னாலிருந்தும் ஒன்று அறுபது அடி பின்னாலிருந்தும் வந்தால் மந்திரமும் வேலை செய்யும், சண்டையும் மிச்சமிருக்கும்.

சண்டையோடு ஒரு வேலையும் சேரும்போதுதான் இந்தக் காட்சி நிற்கிறது. மணியை வளைவில் ஏற்ற மூன்று வெற்றிகள் தேவை. ஒவ்வொன்றும் ஒரு ஆக்‌ஷன், அத்லெடிக்ஸ் டிசி 15. +5 உள்ளவருக்குத் தனியாக 55 சதவீதம், இன்னொருவர் கைகொடுத்தால் 80 சதவீதம். கைகொடுப்பவர் சண்டையிலிருந்து விலக வேண்டும் என்பதுதான் விலை. கோப்ளின்களோடு ஒப்பந்தம் செய்து வந்திருந்தால் இரண்டு கோப்ளின்கள் கயிறு பிடிக்கும். பேச்சுவார்த்தையின் பலன் அங்கே கண்முன்னால் தெரியும். மூன்றாவது வெற்றியில் மணி ஒலிக்கிறது, மிச்சமிருக்கும் பிணந்தின்னிகள் ஓடுகின்றன. எல்லாவற்றையும் கொன்று தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் நேரமும் மிச்சம். குழு ஊருக்கே மணியைக் கொண்டுபோனால் இதே காட்சியை மணிக்கூண்டுக்கு மாற்றிவிடலாம், ஒரு எண்ணும் மாறாது.

நேரப் பங்கீடு: தொடக்கம் 20 நிமிடம், ஊர் விசாரணை 45, வழி 30, குகை 60, இடைவேளை 15, திரும்பும் வழியும் கணவாயும் 50, முடிவு 20. மொத்தம் 240. விசாரணை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கிழவரைத் தானாகவே வந்து பேசவைத்துவிட வேண்டும், வழிக்காட்சியை இரண்டு வாக்கியமாகச் சுருக்க வேண்டும். குகையையும் கணவாயையும் மட்டும் வெட்டக் கூடாது.

வேறு யோசனைகளில்

பொருளுக்கு எடை, இன்னொரு உரிமைக்காரர், ஆட்டக்காரர்களுக்காகக் காத்திருக்காத கெடிகாரம். எந்தப் பழைய யோசனையையும் இந்த மூன்றால் தட்டிப் பார்க்கலாம். டிராகன் ஒன்று தன் முட்டையை அரண்மனையிலிருந்து மீட்கக் குழுவைக் கூலிக்கு அமர்த்துகிறது: ஒன்பது நாளில் பொரியும், பொரிந்ததும் முதலில் பார்ப்பவரைத் தாயாக ஏற்கும், இளவரசி அதனருகிலேயே படுத்துறங்குகிறாள். கொலை வழக்கில் ஆவியைச் சாட்சிக்கு அழைத்துப் போக வேண்டும்: அது விளக்கில் மட்டுமே பயணிக்கும், எண்ணெய் ஆறு மணி நேரம் தாங்கும், இறந்தவரின் மகனோ அப்பாவை இனியாவது நிம்மதியாக விடுங்கள் என்று வழிமறிக்கிறான். "காட்டில் தொலைந்த வாளைக் கண்டுபிடி" மட்டும் இந்தச் சோதனையில் தேறாது. வாளை வேறு யாருக்கு வேண்டும் என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை அதை எடுக்கவே வேண்டாம்.

ஆள் எண்ணிக்கை மாறினால்

மூன்று பேர் என்றால் கணவாயில் இரண்டு பிணந்தின்னிகள்: 400, ஒன்றரை மடங்கில் 600. கடினம் தொடங்குவது 675-ல் என்பதால் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும், ஆனால் மூன்று பேரில் ஒருவர் முடங்கினாலே அந்த இளக்கம் போய்விடும். ஐந்து பேருக்கு நான்கு: 800, இரு மடங்கில் 1,600, அவர்களுக்குக் கடினம் 1,125, உயிராபத்து 2,000. ஐந்தாம் லெவல் குழு நான்கு பேராக வந்தால் ஒரு காஸ்ட்டும் (இன்னும் பலமான பிணந்தின்னி) நான்கு பிணந்தின்னிகளும் போடலாம், 1,250-ஐ இரட்டித்தால் 2,500. அவர்களுக்கு நடுத்தரம் 2,000, கடினம் 3,000 என்பதால் எண்ணுக்கு நடுத்தரமாகத் தெரிந்தாலும், முடக்கமும் காஸ்ட்டின் நாற்றமும் சேர்ந்தால் அந்தக் கணக்கைவிட மேலேயே வலிக்கும். அந்த லெவலில் 300 பவுண்டு மணி ஒரு சுமையே அல்ல, எனவே வாயை மூன்றடியாக்கி எடையை ஆயிரம் பவுண்டுக்கு ஏற்றுங்கள். ஃப்ளோட்டிங் டிஸ்க் தாங்காது, கழுதையும் தாங்காது, கோப்ளின்களின் சறுக்குவண்டியும் அவற்றின் தோளும் இல்லாமல் மணி குகையை விட்டு நகராது. உலோக மதிப்பும் 500 பொற்காசாகிவிடும், ஊர்க் கூலியை அதற்கேற்ப உயர்த்த மறக்கக் கூடாது.